ஆட்சேபம் ஒண்ணும் வரலை

சார், சார், ஒரு நிமிசம். அந்த ரெண்டாவதை அமுக்கிராதீங்க.

மன்னிச்சுக்கங்க. அடுத்தவங்க லேப்டாப்பை எட்டிப் பார்க்கற பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாதுங்க. திருச்செங்கோடு தாண்டி இந்த பஸ்சு குலுக்கற குலுக்குல அது பாதி என்ற மடியில வந்து உக்காந்துருச்சு, கண்ணு தானாப் போயிருச்சு. எந்த லைசென்ஸ் வேணும்னு கேட்குதுங்களே, அந்தப் பக்கம்தானே? ஈரோட்டுல ஏறுனதுல இருந்து அதையே மேலயும் கீழயும் தள்ளிக்கிட்டு இருக்கீங்க. இப்பத்தான் ரெண்டாவதுக்கு மேல விரலைக் கொண்டுபோனீங்க. அதான் கத்திட்டேன்.

என்ன சாஃப்ட்வேருங்க அது? லேப் ரிப்போர்ட்டுங்களா? ரத்தம் டெஸ்ட் பண்ற மிஷினையெல்லாம் ஒரே இடத்துல சேர்க்கறது. செரி செரி. நீங்க எழுதுனது எல்லாருக்கும் பொது. ஆனா மிஷினு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கம்பெனி. மிஷினுகிட்டப் பேசற துண்டு இருக்குதே, அந்த மாடியூலு, அதை அந்தக் கம்பெனிக்காரன்தான் எழுதிக் குடுக்கணும். குடுப்பான், ஆனா உள்ள என்ன இருக்குதுன்னு காட்டமாட்டான். அதானே? அதே கதைதானுங்க எனக்கும். உங்களுக்கு ரத்தம், எனக்குக் கோழி.

சிரிங்க, சிரிங்க. நாமக்கல்லுல எறங்கப்போறவன் கோழியைப் பத்திப் பேசாம வேற எதைப் பேசுவான்?

என் பேரு கார்வேந்தனுங்க. கோயமுத்தூருல இருக்கேன். கோழி செட்டுக்கு ஒரு சாஃப்ட்வேர் எழுதுனோம், 'கொண்டை'ன்னு பேரு. கேள்விப்பட்டிருக்கமாட்டீங்க. கோழிக்காரங்களுக்குத் தெரியும். பேரு வெச்சது நானில்லை, கோகிலவாணி. கோகிலான்னுதான் கூப்பிடுவேன். காலேஜுல ஒரே பெஞ்சு, லேபுல ஒண்ணா வேலை செஞ்சவங்க. அவங்கப்பா சென்னியப்பனுக்கு மோகனூர் ரோட்டுல பண்ணை. பெரிய மனுசருங்க. என்னை 'கண்ணு'ன்னுதான் கூப்பிடுவாரு. இன்னைக்கு வரைக்கும். அதுதாங்க கொடுமை.

செட்டுன்னா நீங்க நினைக்கற மாதிரி தென்னங்கீத்து செட்டு இல்லை. நாலா பக்கமும் மூடுனது. ஒரு பக்கம் ஈரம் சொட்டற அட்டை, எதுத்த பக்கம் வரிசையா ஆளுயர ஃபேனு. ஃபேன் ஓடுனாத்தான் உள்ள காத்து. சென்சார் வெப்பத்தைச் சொல்லும், எத்தனை ஃபேன் ஓடணும்னு சாஃப்ட்வேர் முடிவு பண்ணும். சித்திரை வெயில்ல ஃபேன் நின்னுதுன்னா முடிஞ்சுது. கோழி வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கும், அப்புறம் நிக்காது.

இந்தச் சாஃப்ட்வேர்ல பாதி நான் எழுதுனது. பாதி என்ன, முக்கால்வாசின்னே சொல்லலாம். ஸ்கிரீனு, கணக்கு, தீவனம், முட்டை எண்ணிக்கை எல்லாம் நான். கோகிலா எழுதுனது ஒரு துண்டு. நடுவுல உக்காந்துக்கிட்டு எல்லா மாடியூலையும், 'இருக்கியா, இருக்கியா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். ஏதாச்சும் ஒண்ணு பதில் சொல்லலைன்னா, அடுத்த நொடி எல்லா ஃபேனையும் போட்டுவிட்டு, மணியையும் அடிச்சிரும். அவ்வளவுதான் அது. சின்னத் துண்டு. ஏன் இப்படின்னு நான் கேட்டேன். சென்சார் சும்மா கூட இருக்கலாமில்ல, ஒயரு லூசா இருக்கலாமில்லன்னு. 'பதில் வரலைன்னா ஆபத்துன்னுதான் எடுத்துக்கணும் கார்வேந்தா. செரியா இருக்குதுன்னு நாமளா நினைச்சுக்கக் கூடாது'ன்னா.

அவங்கப்பாவுக்கு அந்தத் துண்டு மேல அப்படி ஒரு பெருமை. திடீர்னு எல்லா ஃபேனும் ஒண்ணா ஓடுனா செட்டே அலறும். கரண்டு பில்லு எகிறும். அவருக்கு அதெல்லாம் கவலை கிடையாது. தீவனம் வாங்க வந்தவன், முட்டை வண்டிக்காரன், யாரு நின்னாலும் சொல்லுவாரு: 'கேட்டீங்களா, எம்புள்ள கூப்பிடறா.' சொல்லிட்டு எந்திரிச்சுப் போவாரு, செட்டைப் பார்க்க.

செரி, லைசென்சுக்கு வர்றேன். நீங்க கேக்கறது அதைத்தானே.

கேக்கலைங்களா? பரவால்லைங்க, நாமக்கல்லு இன்னும் தூரம் இருக்குது.

நாங்க ஆரம்பத்துல போட்டது உங்க ஸ்கிரீன்ல முதல்ல இருக்குதே, அது. எடுத்துக்கோ, மாத்திக்கோ, யாருக்கு வேணாக் குடு. ஆனா மாத்துனதைத் திறந்து குடுக்கணும். இதோட சேர்ந்து ஓடற துண்டையும் திறந்துதான் வெக்கணும். கோகிலாதான் அதைப் போடச் சொன்னா. கம்பெனிக்காரன் எவனுக்கும் இதைக் கண்டாலே ஆகாது. ஃபேனை ஓட்டற பெட்டி இருக்குதே, அந்தக் கன்ட்ரோலர் ரகசியத்தை அவன் வெளிய விடுவானா? அதனால நல்ல கன்ட்ரோலர் எதுக்குமே எங்ககிட்ட மாடியூல் கிடையாது. நாங்களே குத்துமதிப்பா எழுதி ஓட்டிக்கிட்டு இருந்தோம். நாலஞ்சு பண்ணையில ஓடுச்சு. அதுக்கு மேல போகலை.

ரெண்டாவது இருக்குதே, நீங்க அமுக்கப் போனது, அது சுலபம். எடுத்துக்கோ, என்ன வேணாப் பண்ணிக்கோ, பூட்டி வித்துக்கோ, ஒரு ஓரத்துல எங்க பேரை மட்டும் போட்டுரு. கம்பெனிக்காரனுக்கு அல்வா சாப்பிடற மாதிரி.

மூணாவது ஒண்ணு இருக்குதுங்க, கீழ தள்ளிப் பாருங்க. நடுவுல இருக்கறது எப்பவும் திறந்தே இருக்கணும், யாரு மாத்துனாலும் காட்டணும். பக்கத்துல ஒட்டிக்கிட்டு நிக்கற மாடியூலை மட்டும் அவனவன் பூட்டிக்கலாம். அதுக்குக் கொஞ்சம் எழுத்து வேலை இருக்குது. எது நடு, எது ஒட்டுனதுன்னு கோடு போடணும். லாயரு நாலு கேள்வி கேப்பாரு. அந்தச் சோம்பல்லயே எல்லாரும் அதைத் தாண்டிப் போயிருவாங்க.

எங்களைத் தேடிக்கிட்டு ஒரு கம்பெனி வந்துச்சு. பேரு வேண்டாமுங்க. நல்ல கன்ட்ரோலர், நல்ல சென்சார், நாடு பூரா பண்ணை வெச்சிருக்கறவங்க. மாடியூல் குடுக்கறோம், உங்க கொண்டையை எங்க பெட்டி எல்லாத்துலயும் போடறோம், லைசென்சை மட்டும் ரெண்டாவதுக்கு மாத்திருங்கன்னாங்க. ஹைதராபாத்துல கோழிக்காரங்க கண்காட்சி ஒண்ணு நடக்கும், அதுல மேடை போட்டு அறிவிக்கறோம்னாங்க. மேடையில நானு. எனக்கு அதுவரைக்கும் சங்கத்துக் கூட்டத்துல கூட மைக் குடுத்ததில்லைங்க.

கோகிலாகிட்டச் சொன்னேன். ஒளிக்கலை, சொன்னேன். அவ, 'மூணாவது போடலாம்ப்பா. மாடியூலைப் பூட்டிக்கட்டும், நடுவுல கையை வெக்க விடாதே'ன்னா. நான் சொன்னேன், அவங்க லாயரு ஒத்துக்கமாட்டாரு, நாள் இல்லைன்னு. 'கேட்டுப் பாரு'ன்னா. செரின்னேன்.

அப்புறம்தான் அவங்கப்பாவுக்கு நெஞ்சு வலி. ஈரோட்டுல சேர்த்து, ஆப்பரேசன், அதுக்கப்புறம் இன்ஃபெக்சன், மறுபடியும் ஐசியூ. கோகிலா ஒத்தைப் பொண்ணு. அம்மா இல்லை. சொந்தம், ஒறம்பரைக்காரங்கல்லாம் ஆப்பிளை வெச்சுட்டு அரை மணி நேரத்துல கிளம்பிட்டாங்க. தினமும் போனது யாரு? நானுங்க. இட்லி, கஞ்சி, ஃபிளாஸ்க்குல காப்பி. அவ மூஞ்சியைக் கழுவிட்டு வர்ற வரைக்கும் ஐசியூ வாசல்ல உக்காந்திருந்தது நான். ரத்தம் வேணும்னாங்க, என் குரூப்பு சேர்ந்துச்சு, நானே குடுத்தேன். யாரை வேணாக் கேட்டுப் பாருங்க. அந்த ஆஸ்பத்திரி வாட்ச்மேனுக்குக் கூட என்னைத் தெரியும்.

இந்த லைசென்சு மாத்தறதுல ஒரு வழக்கம் இருக்குதுங்க, உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். எழுதுனவங்க ஒவ்வொருத்தரையும் கேக்கணும். ஒரே ஒரு வரி எழுதுனவனா இருந்தாலும் அந்த வரி அவனோடது. எல்லாரும் செரின்னாத்தான் மாத்தலாம். மாட்டேன்னவங்க எழுதுனதை எடுத்துட்டு வேற எழுதிக்கணும். அதுக்கு எல்லாருக்கும் சேர்த்து மெயில் போட்டேன். முறையாத்தான் போட்டேன். 'ரெண்டு வாரத்துக்குள்ள ஆட்சேபம் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படும்.' கடைசி வரி அது. எத்தனையோ பேரு அப்படிப் போடறாங்க, நான் ஒண்ணும் புதுசாக் கண்டுபிடிக்கலை.

மத்தியானம் ரத்தம் குடுத்துட்டு, சாயங்காலம் அந்த மெயில் அனுப்புனேன். ரெண்டும் ஒரே நாள்தான். இப்ப உங்ககிட்டச் சொல்றப்பத்தான் அது எனக்கே உறைக்குது. செரி, அதை விடுங்க.

அவ மெயில் பார்க்கலைன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன ஜோசியக்காரனா?

தெரியும்தான். அவளே சொன்னா. ஒரு நாள் கஞ்சி குடிச்சுட்டு டம்ளரைக் கழுவிக்கிட்டே கேட்டா: 'மெயில் பார்த்து எத்தனையோ நாளாச்சுப்பா. ஏதாச்சும் இருக்குதா?' நான் சொன்னேன்: 'ஒண்ணுமில்லை கோகிலா. நீ அப்பாவைப் பாரு.'

சொல்லுங்க, அந்த நேரத்துல வேற என்ன சொல்றது? உள்ள மனுசன் குழாய்க்கு நடுவுல கிடக்கறாரு. அவகிட்டப் போயி லைசென்சு, மூணாவது வழி, லாயருன்னா நல்லாவா இருக்கும்? நாலு பேரு காறித் துப்பமாட்டாங்களா? அவளுக்கு இருக்கற பாரத்துல இதையும் ஏத்தக் கூடாதுன்னுதான். நல்ல எண்ணத்துலதான் சொன்னேன். நான் அன்னைக்கு வீட்டுக்குப் போயிச் சோறு திங்கலைங்க. ஏன்னு தெரியலை. வயிறு செரியில்லைன்னு நினைச்சுக்கிட்டேன்.

எங்ககூட அங்கங்க ஒண்ணு ரெண்டு வரி எழுதுன கூட்டத்துல போலந்துக்காரரு ஒருத்தரு உண்டு, அங்க வாத்துப் பண்ணை வெச்சிருக்கறவரு. அவரு மட்டும் எனக்குத் தனியா எழுதிக் கேட்டாரு. கோகிலவாணி சம்மதிச்சாங்களா, அவங்க எழுதுனதுதானே முக்கியம்னு. முகம் பார்த்ததில்லை, அவருக்கு இருந்த அக்கறையைப் பாருங்க. நான் பதில் போட்டேன்: 'அவங்ககிட்ட இருந்து ஆட்சேபம் ஒண்ணும் வரலை.'

பொய்யா? வரலைதானே? வரலை. நான் பொய் சொல்லலைங்க.

ரெண்டு வாரம் முடிஞ்ச அன்னைக்கே மாத்திட்டேன். ஹைதராபாத்துல மேடை, பொன்னாடை, பூங்கொத்து. போட்டோவை என் வீட்டு ஹால்ல மாட்டியிருந்தேன். இப்ப இல்லை, பெயிண்ட் அடிக்கறப்பக் கழட்டுனது, திருப்பி மாட்டலை.

சென்னியப்பன் பொழைச்சு வீட்டுக்கு வந்துட்டாரு. அதுக்கப்புறம்தான் கோகிலா மெயிலைத் தெறந்திருக்கா. போன் பண்ணுனா. 'என்னைக் கேட்டியா?'ன்னா. 'மெயில் போட்டிருந்தேனே'ன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் வெச்சுட்டா. திட்டியிருந்தாக் கூட ஏதாச்சும் சமாதானம் சொல்லியிருப்பேன். திட்டலை. செரின்னு விட்டுட்டா போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

அதனாலதான், ஏதாச்சும் செய்யணும்னு மனசு அடிச்சுக்கிச்சு. கம்பெனிக்காரங்க நாமக்கல்லுல காட்டறதுக்கு ஒரு பண்ணை வேணும்னாங்க. பெட்டி, சென்சார் எல்லாம் இனாம். நான் நேரா மோகனூர் ரோட்டுக்குப் போனேன். கோகிலா கோயமுத்தூருல வேலையில இருந்தா, அவகிட்டச் சொல்லலை. சொன்னா வேண்டாம்பா. பெரியவரு கட்டில்ல சாஞ்சு உக்காந்திருந்தாரு, சட்டைப் பித்தானுக்கு நடுவுல தையல் தெரிஞ்சுது. 'எம்புள்ள எழுதுனதுதானே கண்ணு உள்ள ஓடுது?'ன்னாரு. 'அதேதாங்கய்யா'ன்னேன். அன்னைக்கு அது நெசம். சத்தியமா நெசம். பெட்டியை மாட்டி, ஒரு ஒயரைப் புடுங்கிக் காட்டுனேன். எல்லா ஃபேனும் அலறுச்சு. மனுசன் நெஞ்சைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு.

அப்புறம் அந்தக் கம்பெனி புது வெர்சன் விட்டுச்சு. அதுல கொண்டைங்கற பேரு இல்லை, அவங்க பேரு. திறந்து காட்டவும் இல்லை. காட்டணும்னு சட்டமும் இல்லை. நான்தானே ரெண்டாவதைப் போட்டுக் குடுத்தேன். அது போன்ல மாதிரி தானா எல்லாப் பெட்டியிலயும் ஏறிக்கிச்சு. என்னென்ன மாத்தியிருக்கோம்னு ஒரு பட்டியல் அனுப்புனாங்க, நான் அவங்களுக்கு ஆலோசகருங்கற முறையில. அதுல ஒரு வரி: 'தேவையற்ற முழு ஓட்டம் நீக்கப்பட்டது. மின்சாரம் மிச்சம்.' படிச்சேன். படிச்சேன்னா, கண்ணுல பட்டுச்சு. எதைச் சொல்றாங்கன்னு அப்பவே ஒரு சந்தேகம். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். பண்ணைக்காரங்க கரண்டு பில்லைப் பத்திப் புலம்பறது உண்டுதான், ஏதோ செஞ்சிருப்பாங்கன்னு விட்டுட்டேன்.

அவங்க செஞ்சது என்னன்னாங்க, சென்சார் பதில் சொல்லலைன்னா, கடைசியாச் சொன்னதையே வெச்சுக்கறது. அவ்வளவுதான்.

போன சித்திரை. காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே சென்சாரு மாடியூல் செத்துப்போச்சு. கடைசியாச் சொன்னது இருபத்தெட்டு டிகிரி. வெளிய கொளுத்துது, ஸ்கிரீன்ல இருபத்தெட்டு. ரெண்டே ஃபேன் மெதுவா ஓடுது. பெரியவரு ஆபீஸ் ரூமுக்கு வந்து ஸ்கிரீனைப் பார்த்திருக்காரு. நல்லாத்தான் இருக்குதுன்னு போயிப் படுத்துட்டாரு. டாக்டர் மத்தியானம் படுக்கச் சொல்லியிருந்தாரு. சத்தம் ஏதாச்சும் வந்தா எந்திரிச்சுப் போகலாம்னு காதைத் தீட்டிக்கிட்டேதான் படுத்தேன்னாரு. சத்தம் வரலை.

வேலைக்காரங்க சோறு தின்னுட்டுப் போயிக் கதவைத் தெறந்தா, முதல் வரிசையில இருந்து கடைசி வரைக்கும், தலையெல்லாம் கூண்டுக்கு வெளிய தொங்குது.

எனக்குப் போன் வந்து, கோயமுத்தூருல இருந்து கார்ல பறந்து போனேன். அதுக்குள்ள ஜேசிபி வந்து குழி எடுத்துக்கிட்டு இருந்துச்சு. இன்னொரு செட்டு பொழைக்கணும், அதுலயும் அதே பெட்டி. தெறந்து அந்த ஒரு எடத்தைச் சரி பண்ணிரலாம்னு உக்காந்தேன். முடியலைங்க. பூட்டு. உள்ள ஓடறதுல முக்கால்வாசி நான் எழுதுனது. எந்த வரி எங்க இருக்கும்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். உள்ள போக முடியலை. கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பொண்ணு நெம்ப மரியாதையாப் பேசுச்சு: 'அது எங்க நிறுவனத்தோட சொத்துங்க சார். உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டோம்.' நான் போனைக் காதுல வெச்சுக்கிட்டு ஜேசிபியையே பார்த்துக்கிட்டு நின்னேன். கடைசியில பெட்டியையே கழட்டி எறிஞ்சுட்டு, ஆளை நிக்க வெச்சுக் கையால ஃபேனைப் போட்டோம்.

பெரியவரு என்னைத் திட்டுவாருன்னு பார்த்தேன். வேப்ப மரத்தடியில சேர் போட்டு உக்கார வெச்சு மோரு குடுக்கச் சொன்னாரு. நான் குடிச்சு முடிச்சேன். அப்புறம் கேட்டாரு: 'ஏங்கண்ணு, எம்புள்ள ஏன் இன்னைக்குக் கூப்பிடலை?'

என்ன சார் சொல்றது? நீங்க இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? நான் சென்சார் கோளாறுங்கய்யான்னேன்.

கோகிலா பொழுது எறங்கறப்ப வந்தா. குழியைப் போயிப் பார்த்துட்டு வந்தா. கத்தலை, அழுகலை. என் பக்கத்துல வந்து நின்னா. 'கார்வேந்தா, நான் எழுதுனதே ஒரே ஒரு விசயம்தான். பதில் வரலைன்னா ஆபத்துன்னு எடுத்துக்கோ. பக்கத்துல உக்காந்து படிச்சவன் நீ'ன்னா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் என்கூடப் பேசறதில்லை.

அதுதாங்க எனக்கு வருத்தம். இத்தனை வருச சிநேகிதம். ரத்தம் குடுத்திருக்கேன். ஒரு சண்டையாச்சும் போட்டிருக்கலாமில்லைங்களா? நான் என்ன, வேணும்னா செஞ்சேன்? பூட்டுனது அவன், அந்தத் துண்டை எடுத்தது அவன். நான் பூட்டைக் கையில குடுத்தேன்னு வேணாச் சொல்லுங்க. ஒத்துக்கறேன். குடுத்தேன். அவ வேண்டாம்னு சொல்லுவான்னு தெரிஞ்சுதான், அவ சொல்ல முடியாத நேரமாப் பார்த்து...

தண்ணி இருக்குதுங்களா? ஒரு வாய் குடுங்க.

இப்ப எதுக்கு நாமக்கல்லுக்குப் போறேன்னு கேளுங்க. கோகிலா வேலையை விட்டுட்டு ஊருக்கே வந்துட்டா. நான் மாத்தறதுக்கு முன்னாடி இருந்த பழைய கொண்டை இருக்குதே, முதல் லைசென்சுல, அது அப்படியே இருக்குது. அதை யாராலயும் பூட்ட முடியாது. அதைத் தூசி தட்டி எடுத்திருக்கா. இப்ப அதுக்கு மூணாவதைப் போடறா. நடுவுல தொடக் கூடாது, மாடியூலைப் பூட்டிக்கோ. திருப்பூருப் பக்கம் ஒரு கன்ட்ரோலர் கம்பெனி செரின்னு ஒத்துக்கிச்சாம். இத்தனைக்கும் அன்னைக்கு எந்த லாயரும் ஒத்துக்கமாட்டாருன்னு நான் அடிச்சுச் சொன்னேன். கேட்டுப் பார்த்திருந்தாக் கூட அவங்க ஒத்துக்கிட்டிருக்கமாட்டாங்க. கேக்கலை. அது வேற விசயம்.

மாத்தணும்னா எழுதுனவங்க எல்லாரையும் கேக்கணும்னு சொன்னேனில்லைங்களா? முக்கால்வாசி எழுதுனது நானு. எனக்கு மெயில் வந்துச்சு. 'திரு. கார்வேந்தன் அவர்களுக்கு' அப்படின்னு. திரு! ஒரே தட்டுல தின்னவனுக்கு. படிச்சுக் காட்டறேன் இருங்க. 'உங்கள் பகுதிக்கு இந்த மாற்றம் சம்மதமா என்பதைத் தெரிவிக்கவும். இரண்டு வாரத்துக்குள் பதில் வராவிட்டால் உங்களுக்குச் சம்மதமில்லை என்று எடுத்துக்கொண்டு, உங்கள் வரிகளை நீக்கிவிட்டு நாங்களே புதிதாக எழுதிக்கொள்கிறோம்.' பார்த்தீங்களா? பதில் வரலைன்னா இல்லைன்னு அர்த்தமாம். அவ மாறவே இல்லைங்க. அந்தத் துண்டை எழுதுன மாதிரியேதான் இதையும் எழுதியிருக்கா.

மெயில் வந்து நாளாச்சு. நான் பதில் போடலை. மாட்டேன்னு இல்லை. ஒரே வார்த்தை, அடிச்சா முடிஞ்சுது. ஆனா அடிச்சா முடிஞ்சுதில்லைங்களா? அப்புறம் அவ எதுக்கு என்கூடப் பேசணும்? பதில் போடாம இருந்தா ஒரு போனாச்சும் பண்ணுவா, 'ஏப்பா என்ன ஆச்சு'ன்னு கேப்பான்னு பார்த்தேன். பண்ணலை. உக்காந்து என் வரியையெல்லாம் எண்ணி, புதுசா எழுத ஆரம்பிச்சிருப்பா. அவளுக்கு மாசக் கணக்காகும் அது. அதுக்குள்ள அடுத்த சித்திரை வந்துரும். பெரியவரு பாதிச் செட்டுல மறுபடி குஞ்சு எறக்கியிருக்காராம்.

அதான், நேர்லயே போயிச் சொல்லிரலாம்னு கிளம்பிட்டேன். காலையில அவளுக்கு மெசேஜ் போட்டேன்: 'நேர்ல வந்து பேசட்டுமா?' பார்த்துட்டா. ரெண்டு நீலக் கோடு விழுந்துருச்சு. பதில் இல்லை. வராதேன்னு சொல்லலைங்களே. வேண்டாம்னா வேண்டாம்னு ஒரு வார்த்தை போட்டிருப்பாளே. அதனால செரின்னுதான் ஈரோட்டுல ஏறி...

அட.

என்ன அப்படிப் பார்க்கறீங்க? இல்லைங்க, நானும் இப்பத்தான் கவனிச்சேன்.

இருங்க. போனைப் புடிங்க இப்படி, வெயில்ல எழுத்துத் தெரியலை. சம்மதம். போட்டுட்டேன். பேரு, தேதி. மூணாவதுக்கு, என் எல்லா வரிக்கும், சம்மதம். போயிருச்சு பாருங்க. இனி என் வரியை அவ அழிக்க வேண்டியதில்லை. சித்திரைக்குள்ள முடிச்சிருவா. இதைச் சொல்றதுக்குத்தானே வந்தேன். சொல்லியாச்சு.

நீங்களும் அந்த ரெண்டாவதுல இருந்து கையை எடுத்துட்டீங்க. நல்லதுங்க. நல்லாப் படிச்சுட்டு அமுக்குங்க. உங்ககூட எழுதுனவங்க யாராச்சும் இருந்தா, வாயால கேளுங்க. ஆஸ்பத்திரியில இருந்தாலும் கேளுங்க.

நாமக்கல்லு வந்துருச்சு. கண்டக்டர் கத்தறாரு. நீங்க திருச்சி வரைக்குமில்லைங்களா? பஸ்சு சித்த நேரம் நிக்கும்.

சார், எறங்கட்டுமா? சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு. ஆனா இவ்வளவு தூரம் வந்துட்டு பெரியவரை ஒரு எட்டுப் பார்க்காம போறதான்னு இருக்குது. அவ முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை. அவதான் பதிலே போடலையே. நீங்க சொல்லுங்க. வெளி ஆளு நீங்க, உங்களுக்கு ஞாயம் தெரியும். எறங்கட்டுமா, இல்லை இப்படியே திருப்பி ஈரோட்டு பஸ் புடிக்கட்டுமா?

வாயைத் தொறந்து சொல்லுங்க சார். தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருக்காதீங்க. நீங்க சும்மா இருந்தீங்கன்னா, நான் செரின்னு எடுத்துக்குவேன்.